8க்கு 7.972: கருந்துளைகளின் கணக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

கருந்துளை என்றதும் 2019இல் வெளியான அந்த ஆரஞ்சு வளையப் படம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். இன்று நான் பேசப்போகும் கருந்துளைகளை எந்தத் தொலைநோக்கியும் பார்த்ததில்லை. சூப்பர்கிராவிட்டி என்ற கோட்பாட்டின் சமன்பாடுகளில் தீர்வுகளாகக் கிடைப்பவை அவை. அப்படியானால் அவற்றை ஏன் படிக்க வேண்டும்? ஈர்ப்பையும் குவாண்டம் இயற்பியலையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டு, விடை சரிதானா என்று வேறு வழியிலும் போட்டுப் பார்க்க முடிந்திருப்பது இவற்றில்தான். அந்தச் சரிபார்ப்பு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை இன்று கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

1972இல் பிரின்ஸ்டனில் ஆய்வு மாணவராக இருந்த ஜேக்கப் பெக்கன்ஸ்டைன், கருந்துளைக்கு என்ட்ரோபி உண்டு, அது அதன் நிகழ்வெல்லையின், அதாவது தாண்டினால் திரும்பவே முடியாத எல்லையின், பரப்பளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று சொன்னார். யாரும் எளிதில் நம்பவில்லை, ஹாக்கிங் உட்பட. 1974இல் அதே ஹாக்கிங் கருந்துளைக்கு வெப்பநிலை உண்டு என்று கணக்கிட்டுக் காட்டியபோதுதான் விஷயம் உறுதியானது. இயற்கையின் சொந்த அளவான பிளாங்க் அலகில் அளந்தால், என்ட்ரோபி என்பது பரப்பளவில் சரியாகக் கால் பங்கு.

என்ட்ரோபி என்றால் என்ன? ஒரு பாத்திரத்தில் வெந்நீர் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அளவு, சூடு என்று இரண்டு மூன்று எண்கள்தான் தெரியும். உள்ளே மூலக்கூறுகள் கணக்கற்ற விதங்களில் அமைந்திருக்கலாம். அந்த விதங்களின் எண்ணிக்கைக்கு மடக்கை எடுத்தால் கிடைப்பதுதான் என்ட்ரோபி. சூரியனின் நிறை கொண்ட ஒரு கருந்துளையின் ஆரம் சுமார் 3 கிலோமீட்டர். அதன் என்ட்ரோபி சுமார் 10இன் 77ஆம் அடுக்கு. இப்போது ஒளிர்ந்துகொண்டிருக்கும் சூரியனுக்கோ அது 10இன் 58ஆம் அடுக்கு அளவில்தான்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஐன்ஸ்டைனின் கோட்பாட்டில் ஒரு கருந்துளைக்கு நிறை, மின்னூட்டம், சுழற்சி ஆகிய மூன்றைத் தவிர வேறு அடையாளமே கிடையாது. எண்ணிப் பார்க்க உள்ளே எதுவும் இல்லை. அப்புறம் எதை எண்ணி அந்த மாபெரும் என்ட்ரோபி வருகிறது? இந்தக் கேள்வி இருபது ஆண்டுகளுக்கும் மேல் அப்படியே கிடந்தது.

இதற்கு விடை கிடைத்த வழியில் நம் நாட்டவர் ஒருவரின் பழைய தீர்வு வருகிறது. 1947இல் வங்கத்தைச் சேர்ந்த சுதாங்சு தத்த மஜும்தார், ஐன்ஸ்டைன் சமன்பாடுகளுக்கு ஒரு புதுவகைத் தீர்வைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டில் பாப்பாபெட்ரூ என்ற கிரேக்க அறிஞரும் தனியாக அதைக் கண்டார். மின்னூட்டமும் நிறையும் சரிசமமாக இருக்கும் பொருள்களை அருகருகே வைத்தால், ஈர்ப்பு எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு மின்விசை தள்ளும். ஆகவே அவை இருந்த இடத்திலேயே இருக்கும். 1972இல் ஹார்ட்டிலும் ஹாக்கிங்கும் இந்தத் தீர்வு பல கருந்துளைகள் ஒன்றையொன்று சட்டை செய்யாமல் சமநிலையில் நிற்பதைக் குறிக்கிறது என்று விளக்கினார்கள். இந்த மஜும்தார் தீர்வு பிற்பாடு இன்னொரு இடத்திலும் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சூப்பர்கிராவிட்டி. 1976இல் டேனியல் ஃப்ரீட்மன், செர்ஜியோ ஃபெராரா, பீட்டர் வான் நியூவென்ஹாய்சன் ஆகிய மூவரும் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாட்டோடு, ஒவ்வொரு வகைத் துகளுக்கும் ஒரு ஜோடித் துகள் உண்டு என்னும் சூப்பர்சிமெட்ரியைச் சேர்த்தார்கள். ஈர்ப்பைச் சுமக்கும் கிராவிட்டானுக்குக் கிராவிட்டினோ என்ற ஜோடி வந்தது. சூப்பர்சிமெட்ரி ஒரு நிபந்தனையும் போடுகிறது: குறிப்பிட்ட மின்னூட்டம் கொண்ட எந்தப் பொருளின் நிறையும் ஓர் எல்லைக்குக் கீழே இறங்க முடியாது. 1982இல் கிப்பன்ஸும் ஹல்லும் காட்டியது என்னவென்றால், மஜும்தாரின் கருந்துளைகள் மிகச் சரியாக அந்த எல்லையிலேயே நிற்கின்றன. அவற்றின் வெப்பநிலை சுழி. அவை கதிர்வீசிக் கரைவதில்லை, எனவே பொறுமையாக ஆராயலாம்.

அடுத்து வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சூப்பர்கிராவிட்டியில் கருந்துளையைச் சுற்றி பல ஸ்கேலார் புலங்கள், அதாவது ஒவ்வொரு இடத்திலும் ஓர் எண்ணை மட்டும் மதிப்பாகக் கொண்ட புலங்கள், பரவியிருக்கும். எட்டு சூப்பர்சிமெட்ரிகள் உள்ள நான்கு பரிமாணக் கோட்பாட்டில் அப்படி 70 புலங்கள். தொலைவில் அவற்றின் மதிப்பு என்னவாக வேண்டுமானாலும் இருக்கலாம். அப்படியானால் நிகழ்வெல்லையின் பரப்பளவும் அதற்கேற்ப மாற வேண்டும் அல்லவா? 1995இல் ஃபெராரா, ரெனாட்டா கல்லோஷ், ஆண்ட்ரூ ஸ்ட்ராமிங்கர் ஆகியோர் மாறாது என்று காட்டினார்கள். தூரத்தில் எங்கே தொடங்கினாலும், நிகழ்வெல்லையை நெருங்க நெருங்க, பரப்பளவைத் தீர்மானிக்கும் புலங்களெல்லாம் மின்னூட்டங்கள் சொல்லும் மதிப்புக்கு வந்து சேர்ந்துவிடும். மின்னூட்டங்களோ முழு எண்கள். எட்டு சூப்பர்சிமெட்ரி கோட்பாட்டில் 56 வகை மின்னூட்டங்கள், மின்சார வகையில் 28, காந்த வகையில் 28. அவற்றையெல்லாம் சேர்த்து டெல்டா என்று ஒரே ஒரு முழு எண் அமைகிறது. கருந்துளையின் என்ட்ரோபி, அந்த டெல்டாவின் வர்க்கமூலத்தை π (பை) என்ற எண்ணால் பெருக்கிய எண்.

பரப்பளவு தொடர்ச்சியாக நீளவோ குறுகவோ முடியாமல் முழு எண்களைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்றால், உள்ளே எண்ணத்தக்க ஏதோ ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். அதை எண்ணிக் காட்டியது, துகள்களை நுண்ணிய இழைகளாகப் பார்க்கும் இழைக் கோட்பாடு. 1996 ஜனவரியில் ஸ்ட்ராமிங்கரும் கும்ரூன் வாஃபாவும் ஐந்து பரிமாணங்களில் ஒரு கருந்துளையை எடுத்துக்கொண்டார்கள். ஈர்ப்பை மிகவும் பலவீனமாக்கிவிட்டால் அது கருந்துளையாகவே இருக்காது, டி-பிரேன் எனப்படும் தகடுகளின் கூட்டமாகத் தெரியும். அந்தக் கூட்டத்தின் நிலைகளைக் காகிதத்தில் எண்ண முடியும். ஈர்ப்பை மெல்லக் கூட்டினால் அதே கூட்டம் கருந்துளையாகிவிடும். சூப்பர்சிமெட்ரி காவல் இருப்பதால், கூட்டினாலும் குறைத்தாலும் எண்ணிக்கை மாறாது. எண்ணி மடக்கை எடுத்தார்கள். பரப்பளவில் கால் பங்கு, அந்தக் கால் உட்பட, அப்படியே வந்தது.

பல பொதுக்கூட்டங்களில் கதை இங்கே முடிந்துவிடும். என்னைக் கேட்டால் இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. ஸ்ட்ராமிங்கரும் வாஃபாவும் சரிபார்த்தது மின்னூட்டங்கள் மிகப் பெரிதாக இருக்கும்போது மட்டும். மிகச் சிறிய கருந்துளையை எடுத்தால்?

டெல்டா 3 என்று வைத்துக்கொள்வோம். நிகழ்வெல்லையின் பரப்பளவு பிளாங்க் அலகில் 22க்கும் சற்றுக் குறைவு. இதைவிடச் சிறிய கருந்துளையை நினைப்பதே கடினம். பெக்கன்ஸ்டைன், ஹாக்கிங் சூத்திரத்தின்படி நிலைகளின் எண்ணிக்கை 230.77 வர வேண்டும். 1999இல் மால்டசேனா, மூர், ஸ்ட்ராமிங்கர் ஆகியோர் தந்த எண்ணும் முறைப்படி பார்த்தால், கூட்டல், கழித்தல் குறியை விட்டுவிட்டால், விடை வெறும் 8. டெல்டா 7க்கு சூத்திரம் சுமார் 4072 என்கிறது, எண்ணினால் 39. பார்த்தால் படுதோல்வி மாதிரி இருக்கிறது. ஆனால் பரப்பளவுச் சூத்திரம் குவாண்டம் திருத்தங்களைக் கணக்கில் எடுக்காத சூத்திரம். இவ்வளவு சிறிய கருந்துளையில் அந்தத் திருத்தங்கள்தான் எல்லாம்.

அதிஷ் தபோல்கர், ஜொவாவ் கோம்ஸ், சமீர் மூர்த்தி ஆகிய மூவரும் 2010, 2011 வாக்கில் அந்தத் திருத்தங்கள் அனைத்தையும் ஒரே வீச்சில் கூட்டிவிட முயன்றார்கள். நிகழ்வெல்லைக்கு அருகே சூப்பர்கிராவிட்டியின் புலங்கள் எப்படியெல்லாம் அதிரலாமோ அப்படியெல்லாம் கூட்ட வேண்டும். முடிவில்லாத கூட்டல் அது. சூப்பர்சிமெட்ரி அந்தக் கூட்டலைச் சுருக்கிச் சுருக்கி, பொறியியல் மாணவர்களுக்கும் பழக்கமான பெஸ்ஸல் சார்பு ஒன்றாக ஆக்கிவிடுகிறது. அதில் டெல்டாவுக்கு 3 என்று போட்டால் 7.972 வருகிறது. 7 என்று போட்டால் 38.986. 11 என்று போட்டால் 152.041, எண்ணிக்கை 152. 15 என்று போட்டால் 512.958, எண்ணிக்கை 513.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் வளைந்த காலவெளி, தொடர்ச்சியான புலங்கள், ஒரு தொகையீடு. அதற்கு முழு எண் என்றால் என்னவென்றே தெரிய வேண்டிய அவசியமில்லை. இருந்தும் அது 8ஐ நெருங்கி நிற்கிறது. இயற்பியலில் நான் பார்த்த எண்களில் இந்த 7.972 அளவுக்கு என்னை அசைத்தது வேறொன்றில்லை.

மீதமுள்ள 0.028 எங்கே போனது? இங்கே நாம் ராமானுஜனிடம் வருகிறோம், வலிந்து இழுத்து வரவில்லை. 1918இல் ஹார்டியும் ராமானுஜனும் ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டல்களாகப் பிரிக்கலாம் என்பதற்கு ஒரு சூத்திரம் தந்தார்கள். 4 என்றால் ஐந்து விதம். 200 என்றால் 3972999029388 விதம். அவர்களுடைய சூத்திரத்தில் எட்டு உறுப்புகளைக் கூட்டினால் அந்த எண்ணும் அதன் பின்னால் ஒரு .004உம் வந்தன. 1937இல் ராடமாக்கர் அதைச் செம்மைப்படுத்தி, முடிவில்லாமல் கூட்டினால் முழு எண்ணிலேயே போய் நிற்கும் தொடராக்கினார். கருந்துளையின் 8க்கும் 39க்கும் அதே வகைத் தொடர் உண்டு. அதன் முதல் உறுப்புதான் 7.972. அடுத்தடுத்த உறுப்புகளும் ஈர்ப்பின் பக்கம் தயாராக இருக்கின்றன: நிகழ்வெல்லைக்கு அருகே உள்ள வடிவத்தை இரண்டாக, மூன்றாக மடித்தால் கிடைக்கும் வேறு தீர்வுகள் அவை. 2014இல் தபோல்கர், கோம்ஸ், மூர்த்தி ஆகிய அதே மூவர் இதை விளக்கினார்கள். 2022இல் இலியெசியு, மூர்த்தி, துரியாசி ஆகியோர் பாக்கியிருந்த ஓட்டைகளை அடைத்து, மொத்தக் கூட்டலும் முழு எண்ணில் வந்து நிற்பதைக் காட்டினார்கள்.

இப்போது மஜும்தார். சூப்பர்சிமெட்ரியைப் பாதியாகக் குறைத்து, நான்கு வைத்துக்கொண்டால் ஒரு தொல்லை வருகிறது. தூரத்தில் உள்ள புலங்களை லேசாக மாற்றினால் எண்ணிக்கை திடீரென்று தாவுகிறது. காரணம், ஒற்றைக் கருந்துளையோடு, மஜும்தார் தீர்வின் வாரிசான இரட்டைக் கருந்துளைகளும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கின்றன. ஃப்ரெடெரிக் டெனெஃப் காட்டியபடி, இந்த இரட்டைகளுக்கு இடையே உள்ள தூரம் இஷ்டப்படி இருக்காது. தூரத்துப் புலங்கள்தான் அதை நிர்ணயிக்கும். புலம் ஒரு கோட்டைத் தாண்டும்போது இரண்டும் முடிவிலிக்கு விலகிப்போய், கணக்கிலிருந்து கழன்றுவிடும். 2012இல் தபோல்கர், மூர்த்தி, கணிதவியலர் டான் ஸாகியர் மூவரும் இரட்டைகளைக் கழித்துவிட்டு ஒற்றைக் கருந்துளையின் எண்ணிக்கையை மட்டும் பிரித்தெடுத்தார்கள். மிஞ்சியது ராமானுஜனின் போலித் தீட்டா சார்புகளின் இனத்தைச் சேர்ந்தது. 1920 ஜனவரியில், நோயோடு சென்னையில் இருந்தபடி, ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் அவர் எடுத்துக்காட்டுகளோடு விவரித்த அதே சார்புகள். அதே ஆண்டு ஏப்ரலில் சேத்துப்பட்டில் அவர் காலமானார். கருந்துளை என்ற பெயரே உருவாகாத காலம் அது.

இனி பிரபஞ்சம். 1998இல் பிரபஞ்சத்தின் விரிவு வேகமெடுக்கிறது என்று தெரிந்தது. அப்படி விரியும் பிரபஞ்சத்துக்கும், அதற்கு அப்பால் நம்மால் பார்க்கவே முடியாத ஒரு தொடுவானம் உண்டு. அதற்கும் பரப்பளவில் கால் பங்கு என்ட்ரோபி உண்டு என்று 1977லேயே கிப்பன்ஸும் ஹாக்கிங்கும் சொல்லியிருந்தார்கள். நம் பிரபஞ்சத்துக்கு அது சுமார் 10இன் 122ஆம் அடுக்கு. அது எதன் எண்ணிக்கை? கருந்துளையில் நம்மைக் காப்பாற்றிய சூப்பர்சிமெட்ரி இங்கே கைகொடுக்காது. வேகமெடுத்து விரியும் காலவெளியும் உடையாத சூப்பர்சிமெட்ரியும் ஒன்றாக இருக்கவே முடியாது. அதுமட்டுமல்ல, 2000இல் மால்டசேனாவும் கார்லோஸ் நூனியெஸும் நிறுவியபடி, சூப்பர்கிராவிட்டியின் கூடுதல் பரிமாணங்களை வழுவழுப்பாகச் சுருட்டினால் இப்படிப்பட்ட பிரபஞ்சம் ஒருபோதும் கிடைக்காது. 2003இல் ஸ்டான்ஃபோர்டின் கச்ரு, கல்லோஷ், லிண்டே ஆகியோரும் மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தின் சந்தீப் திரிவேதியும் பிரேன்களையும் குவாண்டம் விளைவுகளையும் சேர்த்து ஒரு வழி சொன்னார்கள். அந்தக் கட்டுமானம் நிலைக்குமா என்று இன்றுவரை சண்டை ஓயவில்லை. 2018இல் வாஃபாவும் அவருடைய சகாக்களும் இழைக் கோட்பாட்டில் விரிவை வேகமெடுக்க வைக்கும் இருள் ஆற்றல் மாறாமல் இருக்கவே இடமில்லை, அது காலத்தோடு குறைய வேண்டும் என்று ஓர் ஊகத்தை வைத்தார்கள்.

நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், எண்ணிக்கை வரட்டும், பிறகு நம்புகிறேன் என்பேன். கருந்துளையில் 8க்கு 7.972 என்று காட்ட முடிந்தவர்களிடம் பிரபஞ்சத்துக்கும் அதே தரத்தைக் கேட்பது நியாயம்தான். இதற்கிடையில் அரிசோனாவின் கிட் சிகரத்தில் 5000 ஒளியிழைகளோடு விண்மீன் மண்டலங்களை அளக்கும் டெஸி கருவி, இருள் ஆற்றல் காலப்போக்கில் குறைந்துவருவதுபோல் 2024லும் 2025லும் குறிப்புக் காட்டியிருக்கிறது. அறிவிக்கும் அளவுக்கு அது உறுதியாகவில்லை. உறுதியானால், 2003ஆம் ஆண்டுக் கட்டுமானம் தேடிய மாறாத இருள் ஆற்றல் நம் பிரபஞ்சத்தில் இல்லை என்றாகும். அந்தச் சண்டையில் ஒரு பகுதி தொலைநோக்கியாலேயே தீர்ந்துவிடும். 10இன் 122ஆம் அடுக்கு எதன் எண்ணிக்கை என்ற கேள்வி மட்டும் அப்போதும் பாக்கியிருக்கும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.