ஓநாயிடம் தோற்கும் கோக்கு

வணக்கம் நேயர்களே.

அனிமே என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடர்களை வைத்து உருவான வீடியோ கேம்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பொதுப்படையாகப் பேசிக்கொண்டே போனால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு கேமை எடுத்துக்கொள்கிறேன். 'டிராகன் பால் இசட்: தி லெகசி ஆஃப் கோக்கு'. 2002 மே மாதம் அமெரிக்காவில் வெளியானது. நின்டெண்டோவின் கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவிக்காக வெப்ஃபுட் டெக்னாலஜிஸ் என்ற அமெரிக்க நிறுவனம் உருவாக்கியது. இன்ஃபோகிராம்ஸ் வெளியிட்டது.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அகிரா தொரியாமா 1984 முதல் 1995 வரை ஷோனென் ஜம்ப் வார இதழில் வரைந்த சித்திரக்கதைதான் டிராகன் பால். அதன் பிற்பகுதியைத் தோயேய் அனிமேஷன் நிறுவனம் 1989இல் தொடங்கி 1996 வரை 291 பகுதிகளாகத் தொலைக்காட்சியில் கொடுத்தது. அதுதான் டிராகன் பால் இசட். கதாநாயகன் கோக்கு.

கோக்கு எப்படிப்பட்டவன் என்பதை தொரியாமா முதல் அத்தியாயத்திலேயே காட்டிவிடுகிறார். காட்டில் தனியாக வளர்ந்த, வால் முளைத்த சிறுவன் அவன். காரில் வந்த புல்மா என்ற பெண் பயந்துபோய் அவனைத் துப்பாக்கியால் சுடுகிறாள். குண்டு தலையில் படுகிறது. அவனுக்கு வலிக்கிறது, கோபம் வருகிறது, அவ்வளவுதான். சாகவில்லை, ரத்தம்கூட வரவில்லை. உடம்பு அப்படிப்பட்டது. படிக்கிறவருக்குச் சிரிப்பும் வரும், இவன் யாரப்பா என்ற ஆச்சரியமும் வரும்.

அந்தச் சிறுவன் வளர்ந்து, உலகப் போட்டியில் பிக்கோலோ என்ற எதிரியை வென்று, கல்யாணம் செய்து, கோஹான் என்ற மகனுக்குத் தகப்பனாகவும் ஆன பிறகுதான் டிராகன் பால் இசட் தொடங்குகிறது. அப்போது பூமியில் அவனுக்கு ஈடு யாரும் இல்லை என்றே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வானத்திலிருந்து ராடிட்ஸ் என்ற வேற்றுக்கிரகத்து எதிரி வந்து இறங்குகிறான். அவன் கண்ணில் மாட்டியிருக்கும் ஸ்கௌட்டர் என்ற கருவி எதிரில் நிற்பவரின் பலத்தை எண்ணாகக் காட்டும். துப்பாக்கியோடு எதிரே வரும் விவசாயிக்கு அது காட்டுவது 5. கோக்குவுக்கு 334. எடை கூட்டிய உடைகளைக் கழற்றிய பிறகு 416. கமேஹமேஹா என்ற தன் சக்தி வீச்சுக்காக அவன் கைகளைக் குவிக்கும்போது அந்த எண் 924க்கு ஏறுகிறது. அதுவும் ராடிட்ஸுக்குப் போதவில்லை. பூமியின் பெரிய பலசாலி கையாலாகாமல் நிற்கிறான். தொடரின் தொடக்கத்துக்கு இருக்கிற வலிமையே அந்த அதிர்ச்சிதான்.

இப்போது கேமுக்கு வருகிறேன்.

இதில் நாம்தான் கோக்கு. காணாமல் போன கோஹானைத் தேடிக் காட்டுக்குள் போகிறோம். ஒரு ஓநாய் வருகிறது. அடிக்கிறோம். ஓநாயும் கடிக்கிறது. நாலைந்து கடி வாங்கினால் மீதி உயிரைக் காட்டும் கோடு தேய்ந்து, கோக்கு செத்துப்போகிறான். கொஞ்ச தூரம் தள்ளிப் போனால் பாம்பு. அதனிடமும் சாகலாம். தலையில் குண்டு பட்டும் எழுந்து நின்ற சிறுவன், வளர்ந்து ஆளாகி, உலகப் போட்டியில் வென்ற பிறகு, பாம்பு கடித்து விழுகிறான். தொடரைப் பார்த்துவிட்டு ஆசையாக இதை வாங்கிய பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

இது ஏன் இப்படி ஆனது என்று புரிந்துகொள்ள முடியும். ஆக்‌ஷனோடு ஆர்பிஜி, அதாவது ரோல் பிளேயிங் கேம் என்ற வகையையும் கலந்து செய்த கேம் இது. அந்த வகையில் ஒரு வழக்கம் உண்டு. கதாநாயகன் முதல் லெவலில் நோஞ்சானாகத் தொடங்குவான். சின்னச் சின்னப் பிராணிகளை அடித்து அனுபவப் புள்ளி சேர்ப்பான். புள்ளி ஏற ஏற லெவல் ஏறும், பலம் கூடும். ஊர் பேர் தெரியாத ஒரு பையனின் கதைக்கு இது அருமையாகப் பொருந்தும். கோக்குவின் கதை அங்கே தொடங்கவில்லை. பலசாலி ஒருவன் தன்னைவிடப் பெரிய பலசாலியைச் சந்திப்பதில் தொடங்குகிறது. ஓநாயிடமே தோற்றவனுக்கு ராடிட்ஸிடம் தோற்பதில் என்ன அதிர்ச்சி இருக்கப்போகிறது? கதையின் முதல் பெரிய திருப்பத்தை, அது வருவதற்கு முன்பே இந்த கேம் வீணாக்கிவிட்டது.

இதைச் சரிசெய்ய பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை. அந்தக் காட்டில் ஓநாய்களை ஒரே குத்தில் பறக்கவிடச் செய்திருக்கலாம். ஐந்து நிமிஷம் நம்மைப் பூமியின் ராஜாவாக உலாவ விட்டிருக்கலாம். அப்புறம் ராடிட்ஸ் வந்து, அதே குத்தை ஒற்றைக் கையால் தடுத்திருந்தால்? நம் கையில் இருக்கும் பட்டன் திடீரென்று செல்லாமல் போனதை உடம்பே உணர்ந்திருக்கும். தொலைக்காட்சியால் தர முடியாத அனுபவம் அது. கேமால் மட்டும்தான் தர முடியும்.

அடுத்தது அடிதடி. ஆக்‌ஷன் கேமுக்கு உயிரே அதுதான். கோக்குவின் குத்து எட்டும் தூரம் இதில் மிகவும் குறைவு. எதிரியை ஏறக்குறைய ஒட்டி நின்றால்தான் படும். அவ்வளவு பக்கத்தில் போனால் எதிரியின் அடியும் நம் மேல் விழும். பட்டதா இல்லையா என்பதும் பல சமயம் கண்ணுக்குத் தெரிவதோடு ஒத்துப்போகாது. அதனால் கபடியில் பாடிப் போகிறவர் மாதிரி தொட்டுவிட்டு ஓடி வர வேண்டியிருக்கிறது. தொடரில் சண்டை எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நூறு குத்துகள் மோதிக்கொள்ளும், பாறைகள் பிளக்கும். இங்கே நாம் இரண்டடி முன்னால் வைத்து ஒரு குத்து விட்டு மூன்றடி பின்வாங்குகிறோம்.

இந்தத் தொல்லையில் சீக்கிரமே எல்லோரும் ஒரு வழியைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். கையால் அடிப்பதை விட்டுவிட்டு, தூரத்தில் நின்று சக்தி உருண்டைகளை வீசுவது. அதற்கு 'கி' என்ற உள்சக்தி வேண்டும். தீர்ந்துபோனால் அது மெதுவாகத் தானே ஊறும். ஆக, வீசுவது, ஓடுவது, ஊறும் வரை காத்திருப்பது, மறுபடி வீசுவது. பெரிய எதிரிகளோடு நடக்கும் சண்டைகளும் இந்த வாய்பாட்டில்தான் முடிகின்றன. விரல் பழகுகிறது, கெட்டிக்காரத்தனம் வளர்வதில்லை. ராடிட்ஸுக்குப் பிறகு வரும் வெஜிட்டா மாதிரி ஒரு பெரிய எதிரி எதிரில் நிற்கும்போது ஓடிப்போய் ஒதுங்கி நின்று கி ஊறுவதற்காகக் காத்திருப்பது கோக்குவின் குணமே இல்லை. நேருக்கு நேர் நிற்பதில்தான் அவனுக்குச் சந்தோஷம். எதிரி பலசாலி என்று தெரிந்தால் அவன் முகத்தில் சிரிப்பு வரும். இந்த கேமில் நமக்கு வருவது சலிப்பு.

பறப்பதற்கும் ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் பறந்தால் தீர்ந்துவிடும், தரைக்கு வந்துவிட வேண்டும். இதில் மட்டும் நான் அவர்கள் பக்கம் கொஞ்சம் பேசுவேன். ராடிட்ஸ் வரும் காலத்தில் கோக்கு பெரும்பாலும் கின்டோன் என்ற மேகத்தில்தான் ஏறிப் போவான். ஆகவே தொடக்கத்தில் கட்டுப்பாடு இருந்தால் தப்பில்லை.

சண்டைக்கு நடுவே ஊர்க்காரர்கள் சின்ன வேலைகளைத் தருவார்கள். தொலைந்த பொருளைத் தேடிக் கொடுப்பது மாதிரி. ஒன்றிரண்டு பரவாயில்லை. உலகமே அழியப்போகிறது என்று கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது இவை நேரத்தை நிரப்பும் வேலையாகவே படுகின்றன. இத்தனை நிரப்பியும் கேம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. ராடிட்ஸ் முதல், இந்தக் கதையின் கடைசிப் பெரிய வில்லன் ஃப்ரீசா வரை தொலைக்காட்சியில் நூறு பகுதிகளுக்கு மேல் ஓடிய கதையை இது சில மணி நேரத்தில் ஓடிக் கடக்கிறது. முழுக்க முழுக்க கோக்கு ஒருவனாக மட்டுமே ஆட முடியும். அந்தக் கதையில் கோக்கு இல்லாத நேரம் எவ்வளவு! அவன் செத்து மேலுலகத்தில் இருக்கும்போது பூமியைத் தாங்கிப் பிடிப்பவர்கள் பழைய எதிரி பிக்கோலோ, நண்பன் கிரில்லின், சின்னப் பையன் கோஹான். பிக்கோலோ கோஹானைக் காப்பாற்றத் தன் உயிரைக் கொடுக்கும் இடம் தொடரிலேயே என் மனதுக்கு மிக நெருக்கமானது. அவர்களில் ஒருவராகக்கூட நம்மால் ஆட முடியாது என்பது பெரிய இழப்பு.

சூப்பர் சயான் என்ற உருமாற்றத்தின் விஷயம் இன்னொரு ஏமாற்றம். கிரில்லினை ஃப்ரீசா கொன்றதும் கோக்குவின் முடி பொன்னிறமாகி எழுந்து நிற்பது அனிமே வரலாற்றிலேயே புகழ்பெற்ற காட்சி. கேமில் அது கடைசிச் சண்டைக்கு மட்டும் வருகிறது, அதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. கதைப்படி அது சரிதான். ஆனால் அந்த உருமாற்றம் கைக்குக் கிடைத்தும் ஆசை தீர ஆடிப் பார்க்க இடமே இல்லை.

இந்த மாதிரிக் குறைகளைச் சொன்னால் ஒரு பதில் உடனே வரும். 'கையடக்கக் கருவிதானே, அதில் எவ்வளவு செய்துவிட முடியும்?' கருவி சின்னதுதான். 240க்கு 160 புள்ளிகள் கொண்ட திரை. திசைப் பட்டனை விட்டால் ஏ, பி, தோள்பட்டையில் எல், ஆர், அப்புறம் ஸ்டார்ட், செலக்ட். 2001இல் வந்த முதல் வடிவத்தில் திரைக்கு வெளிச்சமும் கிடையாது, விளக்கடியில் உட்கார்ந்துதான் ஆட வேண்டும். வெளிச்சமுள்ள எஸ்பி வடிவம் 2003இல்தான் வந்தது. இதற்கெல்லாம் இந்த கேமைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஓநாயின் கடிக்கு எவ்வளவு பலம் என்பதைத் திரையின் அளவு முடிவு செய்வதில்லை. குத்து எவ்வளவு தூரம் எட்டும் என்பதையும் அது முடிவு செய்வதில்லை. மேசையில் உட்கார்ந்து மனிதர்கள் எடுத்த முடிவுகள் இவை.

அதற்கு அதே கருவியிலேயே இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. முதல் சாட்சி அதே நிறுவனம். ஒரே வருஷம் கழித்து, 2003இல், வெப்ஃபுட் இரண்டாம் பாகத்தைக் கொண்டுவந்தது. குத்தும் உதையும் நம்பிக்கையோடு பட்டன. கோஹான், பிக்கோலோ, வெஜிட்டா, ட்ரங்க்ஸ், கோக்கு என்று ஐந்து பேராக ஆட முடிந்தது. உருமாற்றம் நம் கையில் வந்தது, வேண்டும்போது மாறிக்கொள்ளலாம், அதற்குரிய சக்தி செலவாகும். உலக வரைபடத்தின் மேல் பறந்து ஊருக்கு ஊர் போகலாம். ஸ்கௌட்டரை வைத்து ஆட்களையும் எதிரிகளையும் பற்றித் தெரிந்துகொள்ளலாம். இந்த இரண்டாம் பாகத்தை 2004இல் ஜப்பானிலும் வெளியிட்டார்கள். அமெரிக்கர்கள் செய்த டிராகன் பால் கேம், டிராகன் பால் பிறந்த நாட்டுக்கே போய்ச் சேர்ந்தது. முதல் பாகத்துக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.

இரண்டாவது சாட்சி 'டிராகன் பால்: அட்வான்ஸ்ட் அட்வென்ச்சர்'. டிம்ப்ஸ் என்ற ஜப்பானிய நிறுவனம் செய்தது, 2004 நவம்பரில் ஜப்பானில் வந்தது. கோக்குவின் சிறுவயதுக் கதை. பக்கவாட்டில் நகரும் ஆக்‌ஷன் கேம். நீளும் தடியைச் சுழற்றினால் நாலு பேர் சேர்ந்து விழுவார்கள். விழுகிறவனை மேலே தூக்கி, அந்தரத்திலேயே இன்னும் நாலு அடி கொடுக்கலாம். கின்டோன் மேகத்தில் பறந்து சண்டை போடும் கட்டங்கள் தனியாக உண்டு. போட்டி மேடையில் ஒருவருக்கு ஒருவர் மோதும் கட்டங்களும் உண்டு. இதில் கோக்கு சின்னப் பையன்தான், ஆனாலும் முதல் நிமிஷத்திலிருந்தே பலசாலி. கஷ்டம் வேறு வழியில் வருகிறது. எதிரிகளின் எண்ணிக்கை கூடும், வேகம் கூடும், தாவ வேண்டிய இடைவெளி கூடும். கதாநாயகனை நோஞ்சானாக்காமலே கேமைக் கடினமாக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கதையை முடித்துவிட்டால் கிரில்லினாகவும் ஆடலாம்.

முதல் பாகம் இத்தனை குறைகளோடும் நன்றாக விற்றது. அட்டையில் கோக்குவின் படம் இருந்தது, அது போதுமானதாக இருந்தது. கார்ட்டூன் நெட்வொர்க்கின் டூனாமி என்ற நிகழ்ச்சி வரிசை வழியாக அமெரிக்கப் பிள்ளைகள் அந்தத் தொடரில் மூழ்கியிருந்த நேரம் அது. அந்த அன்பை நம்பித்தான் பெட்டி கடைக்கு வந்தது. அப்படிப்பட்ட அன்போடு வருகிற பிள்ளைக்கு முதல் பத்து நிமிஷத்தில் எதைக் கொடுக்கிறோம் என்பதைத் தயாரிப்பவர்கள் யோசித்திருக்க வேண்டும் என்றுதான் நான் அழுத்திச் சொல்கிறேன்.

இந்தக் கருவியோ கேமோ கையில் வைத்திருக்கும் நேயர்களுக்கு ஒரு யோசனை. முதல் பாகத்தை முடித்தால்தான் இரண்டாவது புரியும் என்று நினைக்க வேண்டாம். ஃப்ரீசா வரையான கதையைத் தொடரிலேயே பார்த்துவிடுங்கள், இந்த கேமைவிடத் தொடர் ஆயிரம் மடங்கு மேல். ட்ரங்க்ஸ் எதிர்காலத்திலிருந்து வந்து இறங்கும் இடத்துக்கு வந்ததும் இரண்டாம் பாகத்தைக் கையில் எடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அட்வான்ஸ்ட் அட்வென்ச்சரிலிருந்து தொடங்கலாம். தடியைச் சுழற்றும் பட்டனை மட்டும் காட்டிக் கொடுத்தால் போதும், மற்றதை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

நன்றி. வணக்கம்.