ஃபார்முலா ஒன் காரிலேயே பெயர்ந்த ரோல் பார்! உங்கள் ஜீப்பில் இருப்பது தாங்குமா?

[காட்சி: தலைகீழாகச் சறுக்கும் கார், அனிமேஷனில்]

2022 ஜூலை 3, சில்வர்ஸ்டோன். ஃபார்முலா ஒன் பந்தயம் தொடங்கிய சில நொடிகளில் ஓட்டுநர் ஜோ குவான்யுவின் ஆல்ஃபா ரோமியோ கார் கவிழ்ந்தது. தலைகீழாகவே சரளையைத் தாண்டி, டயர் தடுப்புக்கு மேலே எகிறி, கம்பி வேலியில் போய் முட்டி நின்றது. கவிழ்ந்தால் எடையைத் தாங்க வேண்டிய ரோல் ஹூப், அதாவது அந்தக் காரின் ரோல் பார், தரையில் பட்டதும் பெயர்ந்துவிட்டது. இத்தனைக்கும் அது எல்லாச் சோதனையிலும் பாஸ் ஆனது! தலையைக் காப்பாற்றியது, ஓட்டுநரின் தலையைச் சுற்றி வளைந்து நிற்கும் பாதுகாப்புச் சட்டமான ஹாலோ. ஆள் அடுத்த வாரமே ஆஸ்திரியாவில் ஓட்டினார்.

கோடிகளைக் கொட்டுகிறவர்களுக்கே இந்தக் கதி. நம்மூரில் பைப்பை வளைத்து ஜீப்பில் மாட்டி, குரோம் பூசி, நெல்லை ஈரடுக்குப் பாலத்தில் பவனி வருகிறோமே, அது தாங்குமா அண்ணாச்சி?

[காட்சி: ரோல் பார், ரோல் கேஜ் படங்கள்]

பின்னணி சட்டென்று. ஓட்டுநருக்குப் பின்னால் ஒற்றை வளையமும் அதற்கு இரண்டு முட்டுகளும் இருந்தால் ரோல் பார். சுற்றிலும் கூண்டாக இருந்தால் ரோல் கேஜ். முடிந்தது.

[காட்சி: வளையத்தின் கால், மிக அருகில்]

இப்போது எனக்குப் பிடித்த இடம். வண்டியைக் காட்டுகிறவர்கள் பளபளக்கும் வளையத்தைத்தான் காட்டுவார்கள். நான் குனிந்து அதன் கால் எதில் நிற்கிறது என்று பார்ப்பேன்.

திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டில் பஞ்சர் ஆனவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். செம்மணலில் ஜாக்கியை வைத்து ஏற்றிப் பாருங்கள். வண்டி உயராது, ஜாக்கிதான் இறங்கும். ஜாக்கி நல்ல ஜாக்கிதான். ஆனால் ஒன்றரை டன் வண்டியின் பாரம் உள்ளங்கை அகலத்தில் இறங்கினால் மணல் என்ன செய்யும்? அடியில் பலகை போட்ட பிறகுதான் வேலை நடக்கும்.

காரின் தரைத்தகடும் அந்த மணல்தான். பெரும்பாலும் 1 மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. அதில் நேரடியாக போல்ட் போட்டு வளையத்தை நிறுத்தினால், கவிழும்போது பைப் ஒன்றும் ஆகாமல் தகட்டைக் கிழித்துக்கொண்டு இறங்கிவிடும். அதனால்தான் உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதி, முதன்மை வளையத்தின் (ஓட்டுநருக்குப் பின்னால் நிற்பது) ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது 3 மில்லிமீட்டர் கனமும் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள வலுத்தகடு கேட்கிறது. போல்ட் குறைந்தது மூன்று, எம்8 அளவு (8 மில்லிமீட்டர் விட்டம்), 8.8 என்ற வலிமைத் தரம். தெருமுனைக் கடையின் சாதா போல்ட் செல்லாது. என்னைக் கேட்டால், பட்ஜெட்டில் முதல் பணம் இந்தத் தகட்டுக்குத்தான் போக வேண்டும். குரோமுக்கு அல்ல. அந்தப் பூச்சு வேலையில் எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து நொறுங்கும் தன்மை வரலாம் என்பது தனிக் கதை.

இதுவரை வந்துவிட்டீர்கள், ஒரு லைக் போட்டுவிடுங்கள்.

[காட்சி: இரண்டு பைப் துண்டுகள், தராசில்]

பைப்புக்கு வருவோம். முதன்மை வளையத்துக்கு எஃப்ஐஏ இரண்டு அளவுகளை ஏற்கிறது: 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 கனம், அல்லது 50 விட்டம், 2 கனம். எது விறைப்பு? கனமானதுதான் என்பீர்கள். கணக்குப் போட்டால், மெல்லிய சுவருள்ள 50 மில்லிமீட்டர் பைப் மீட்டருக்குக் கால் கிலோ குறைவு, ஆனாலும் வளையாமல் நிற்பதில் சுமார் 15 சதவீதம் கூடுதல். எஃகு மையத்திலிருந்து தள்ளிப் போகப் போக விறைப்பு ஏறும். அழகாக இல்லையா!

தண்ணீர் லைன் ஜிஐ பைப் ஆகாது. கடையில் சீம்லெஸ், அதாவது நீளவாக்கில் ஒட்டு இல்லாத பைப், என்று கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, பைப்பில் மணலை நிரப்பி, கேஸ் வைத்துக் காய்ச்சி வளைப்பது பட்டறைகளில் பழக்கம். ரோல் பாருக்கு அது கூடாது. விதிப்படி சூடாக்காமல்தான் வளைக்க வேண்டும், வளைவின் ஆரம் பைப் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். கேட்டால் மேஸ்திரி முறைப்பார், பரவாயில்லை.

அமெரிக்க அமெச்சூர் அமைப்பான எஸ்சிசிஏவில் ஒரு வேடிக்கை: வளையத்தில் சுமார் 5 மில்லிமீட்டர் ஓட்டை போட்டிருக்க வேண்டும். எடை குறைக்க மெல்லிய பைப் போட்டு ஏமாற்றுகிறார்களா என்று அதன் வழியே சுவர்க் கனத்தை அளப்பார்கள். அங்கேயும் நம்ம ஆட்கள்தான் போல!

[காட்சி: திறந்த கார் மேல் நீளக் கம்பு]

உயரம் பார்க்க ஒரு கம்பு போதும். வளையத்தின் உச்சியிலிருந்து முன் கண்ணாடிச் சட்டத்தின் உச்சிக்கு வையுங்கள். பெல்ட்டை இறுக்கி உட்கார்ந்தவரின் ஹெல்மெட் கம்பைத் தொடக்கூடாது. வளையம் ஹெல்மெட்டைவிட 2 அங்குலமாவது உயரமாக இருக்க வேண்டும் என்பது எஸ்சிசிஏ விதி.

சரி, ஹெல்மெட் இல்லாமல் ரோட்டில் ஓட்டினால்? கவிழவே வேண்டாம். பின்னாலிருந்து ஒருவர் இடித்தாலே உங்கள் தலை போய் மோதுவது அந்த இரும்பில்தான். கோவை கரி ஸ்பீட்வே, சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தடங்களுக்குப் போகிற வண்டிக்கு ரோல் பார் போடுங்கள். ரோட்டு வண்டிக்கு அழகுக்காக வேண்டாம் என்பது என் கருத்து, திட்டுகிறவர்கள் கமெண்டில் திட்டலாம்.

ஒருமுறை கவிழ்ந்து வளைந்த பாரை நிமிர்த்தி பெயின்ட் அடித்து விற்பவர்களும் உண்டு. மலிவு என்று வாங்காதீர்கள். உவரி, கூடங்குளம் பக்கம் கடற்காற்றில் நிற்கும் வண்டி என்றால், பைப்பின் உள்பக்கத் துருவையும் வெல்டிங் ஓரத்து விரிசலையும் ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்னும் பாருங்கள்.

உங்கள் வண்டியில் வலுத்தகடு எத்தனை சதுர சென்டிமீட்டர்? ஸ்கேல் வைத்து அளந்து போட்டோவோடு கமெண்டில் போடுங்கள். 120-க்குக் குறைந்தால் அடுத்த வீடியோவில் உங்கள் வண்டிதான்.