இரவில் அடங்காத கால்கள்: ‘நார்மல்’ என்று வந்த ரிப்போர்ட்டை இன்னொரு முறை பாருங்கள்

(காட்சி: பாம்பன் கடற்கரை, இரவு. ஒரு வீட்டு வாசலில் ஒற்றை பல்பு. மணலில் போகவும் வரவுமாகக் காலடித் தடம்.)

வணக்கம். இந்த மணலில் தெரிகிற தடம் முழுவதும் ஒரே ஆளுடையது. வாசலில் இருந்து வலை காயப்போடும் கம்பம் வரைக்கும், கம்பத்தில் இருந்து மறுபடி வாசல் வரைக்கும். என் சின்னம்மா ஆறு வருடமாக இரவு பதினொரு மணிக்கு மேல் இப்படித்தான் நடந்துகொண்டிருந்தார். பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறவர். விரல்களில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, மூச்சடக்கி முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்துக்கொண்டு மேலே வருகிறவர். அப்படி உழைத்த உடம்பு பாயில் விழுந்ததும் தூங்கிப்போக வேண்டும். சின்னம்மாவுக்கோ பாயில் விழுந்த பிறகுதான் கால் விழித்துக்கொள்ளும்.

“என்ன செய்கிறது சின்னம்மா, வலிக்கிறதா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“வலி என்றும் சொல்ல முடியவில்லை. கெண்டைக்கால் எலும்புக்குள்ளே நண்டு குழி தோண்டுகிற மாதிரி இருக்கிறது. காலை உதறினால் நண்டு சும்மா இருக்கிறது. நான் சும்மா இருந்தால் அது தோண்டுகிறது” என்றார்.

இந்த நோயைப் பற்றி எத்தனையோ படித்துவிட்டேன். இவ்வளவு சரியான விளக்கத்தை எங்கும் பார்க்கவில்லை. ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம் என்பது இதன் மருத்துவப் பெயர். நம் கரையில் கால் குடைச்சல், கால் உளைச்சல் என்பார்கள். 1672-லேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், இந்தத் தொல்லை உள்ளவர்கள் படுக்கையில் படும் பாட்டைச் சித்திரவதைக்கு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். 1940-களில் ஸ்வீடனைச் சேர்ந்த எக்போம் என்ற நரம்பியல் மருத்துவர் இதை விரிவாக ஆராய்ந்தார். அதனால் வில்லிஸ்-எக்போம் நோய் என்றும் இதற்குப் பெயர் உண்டு.

இத்தனை பழைய நோய்க்கு எங்கள் தெருவில் கிடைத்த விளக்கங்களைக் கேளுங்கள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று நரம்பு தளர்ந்துவிட்டது. வாயு இறங்கிவிட்டது. கடைசியாக, “மனசுதான் காரணம், எதையோ நினைத்துக்கொண்டு படுக்கிறாய்.” இந்தக் கடைசி விளக்கம்தான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை. தூக்கம் கெட்டதால் சோர்ந்துபோன ஒரு பெண்ணிடம், நீ சோர்ந்திருப்பதால்தான் தூங்கவில்லை என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

(காட்சி: இரண்டு கெண்டைக்கால்களிலும் பழைய சேலைத் துணி இறுக்கிக் கட்டப்பட்டிருக்கிறது.)

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படித் துணி கட்டிக்கொண்டு படுக்கிறார்களா? அப்படியானால் அவர்களைக் கூப்பிட்டு பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மேலே பாருங்கள். முதலில், இது அந்த நோய்தானா என்று பார்ப்போம்.

காலை அசைத்தே ஆக வேண்டும் என்ற தவிப்பு இருக்கிறதா? உட்கார்ந்தாலோ படுத்தாலோ அது தொடங்குகிறதா? எழுந்து நடந்தால், உதறினால், தேய்த்தால் அந்த நேரத்துக்காவது தணிகிறதா? பொழுது சாய்ந்த பிறகுதான் அதிகமாகிறதா? நான்குக்கும் ஆம் என்றால் சந்தேகப்பட வேண்டும். சேது எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகும்போது மானாமதுரை வருவதற்குள் எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றுகொள்பவர்கள், மதுரைக்குப் போகும் இரவு பஸ்ஸில் முன் சீட்டை முட்டிக்கொண்டே வருபவர்கள், இவர்களில் பலருக்குத் தங்களுக்கு ஒரு நோய் இருக்கிறது என்பதே தெரியாது.

இதைப் போலத் தோன்றும் வேறு சிலவும் உண்டு. கெண்டைக்கால் சதை கல் மாதிரி இறுகி, உயிர் போகிற வலி வந்து, பாதத்தை மேலே மடக்கினால் விடுகிறதா? அது சதைப் பிடிப்பு. உள்ளங்காலில் மிளகாய் அரைத்துப் பூசியது போல் பகலிலும் எரிகிறதா, நடந்தாலும் தணியவில்லையா? நீரிழிவினால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். நடந்தால் வலி வந்து, நின்றால் போகிறதா? இது குடைச்சலுக்கு நேர்மாறானது. காலுக்கு இரத்தம் போகும் குழாய் அடைபட்டிருக்கலாம், குறிப்பாகப் பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு. அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி சத்துக் குறைவு. இந்த வீடியோவை எடுத்ததே இதைச் சொல்லத்தான்.

சின்னம்மாவுக்கு இரத்தப் பரிசோதனை செய்தோம். ஹீமோகுளோபின் 12.3 இருந்தது. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனால்தான் இரத்தச் சோகை. “இரத்தம் நன்றாக இருக்கிறது” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாங்களும் நிம்மதியாக வந்துவிட்டோம். அதோடு இரண்டு வருடம் போய்விட்டது.

ஹீமோகுளோபினில் இருப்பது இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் இரும்பு. வீட்டில் அன்றாடச் செலவுக்குக் கையில் வைத்திருக்கும் பணம் மாதிரி. சேமிப்பில் இருக்கும் இரும்பின் அளவைக் காட்டுவது ஃபெரிடின் என்ற வேறொரு பரிசோதனை. வருமானம் குறைந்தால் சேமிப்புதான் முதலில் கரையும், கைச்செலவு பிறகுதான் முட்டும். அதனால் ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்புச் சேமிப்பு காலியாகியிருக்கலாம். வேறொரு மருத்துவர் சொல்லி ஃபெரிடின் பார்த்தபோது சின்னம்மாவுக்கு 19 இருந்தது. ரிப்போர்ட்டில் அதற்கு நேரே ‘நார்மல்’ என்றுதான் இருந்தது. ஏனென்றால் பல லேப்களில் பெண்களுக்கு 13, 15 என்று கீழ்வரம்பு போட்டிருப்பார்கள்.

அந்த மருத்துவர் பேனாவால் 19-ஐ வட்டமிட்டார். “கால் குடைச்சல் இல்லாதவருக்கு இந்த எண்ணைப் பார்த்து நான் பதற மாட்டேன். குடைச்சல் உள்ளவருக்குக் கணக்கு வேறு” என்றார். அவர் சொன்னது இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்களில் இருப்பதுதான். இந்த நோய் உள்ள பெரியவர்களுக்கு ஃபெரிடின் 75 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே, இரும்புச்சத்து கொடுப்பது பற்றி யோசிக்க வேண்டும். குழந்தைகளுக்கு அந்த வரம்பு 50.

காலுக்கும் இரும்புக்கும் என்ன சம்பந்தம்? தொல்லை காலில் தெரிந்தாலும் மூலம் மூளையில் இருக்கிறது. உடல் அசைவை ஒழுங்குபடுத்தும் டோபமின் என்ற பொருளை மூளை தயாரிக்கும்போது, அந்த வேலையைச் செய்யும் நொதிக்கு இரும்பு தேவை. இந்த நோய் உள்ளவர்களின் மூளையில், இரத்தத்தில் போதுமான இரும்பு இருக்கும்போதுகூட, சில பகுதிகளில் இரும்பு குறைவாக இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். டோபமின் செயல்பாடு பொதுவாகவே மாலைக்கு மேல் தணியும். பகலில் கடலில் முங்கி எழுந்த கால், இரவில் பாயில் தவிப்பதற்கு இது ஒரு காரணம் என்று கருதுகிறார்கள்.

பரிசோதனைக்குக் காலையில் வெறும் வயிற்றில் போங்கள். காய்ச்சலோ புண்ணோ இருக்கும்போது போகாதீர்கள். உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிடின் தானாக உயர்ந்து, சேமிப்பு நிறைய இருப்பது போல ஏமாற்றிவிடும்.

(காட்சி: அலுமினியத் தூக்கில் டீ. பக்கத்தில் சிவப்பு மாத்திரை அட்டை.)

இந்தக் காட்சியை வேண்டுமென்றேதான் வைத்தேன். சின்னம்மாவுக்கு இரும்பு மாத்திரை கொடுத்து ஒன்றரை மாதம் ஆகியும் ஒன்றும் மாறவில்லை. ஒருநாள் விடிகாலை அவர் வல்லத்தில் கடலுக்குக் கிளம்பும்போது பார்த்தேன். மாத்திரையை வாயில் போட்டு, தூக்கில் இருந்த டீயை ஊற்றி விழுங்கினார்! டீயில் இருக்கும் டானின், மாத்திரையிலும் கீரையிலும் இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு டம்ளர் டீ, அந்தச் சாப்பாட்டில் இருந்து சேர வேண்டிய இரும்பில் பாதிக்கும் மேல் குறைத்துவிடலாம். காபியும் பாலும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும்கூடத் தடைதான். டீயை விட்டுவிடச் சொன்னால் நம் கரையில் யாரும் கேட்க மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. மாத்திரைக்கும் டீக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு விழுங்குங்கள். வைட்டமின் சி இரும்பு உடம்பில் சேர உதவும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். வயிற்றைப் புரட்டினால், ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அப்படிப் போட்டாலும் நன்றாகவே சேர்கிறது. மூன்று மாதம் கழித்து மறுபடி ஃபெரிடின் பார்க்க வேண்டும். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இரும்பை ஊசி வழியாக இரத்தக் குழாயில் ஏற்றுவார்கள்.

ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன். பரிசோதனை செய்யாமல் மருந்துக் கடையில் நீங்களே இரும்பு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். அளவுக்கு மீறிச் சேர்ந்த இரும்பை உடம்பால் எளிதில் வெளியேற்ற முடியாது, அது கல்லீரலைக் கெடுக்கும். இன்னொன்று, இரும்பு எங்கே கசிகிறது என்று தேடாமல் மேலே ஊற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. மாதவிடாயில் அதிக இரத்தம் போகிறதா? மூலத்தில் இரத்தம் போகிறதா? உடம்பு வலிக்கு அடிக்கடி வலி மாத்திரை போட்டு வயிற்றில் புண் வந்திருக்கிறதா? வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு தோல் வழியாகவே உள்ளே போய், குடலில் இருந்துகொண்டு இரத்தத்தை உறிஞ்சும். வயதான ஆணுக்கு இரும்பு குறைந்தால் குடலில் எங்கே இரத்தம் கசிகிறது என்று அவசியம் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி, மீன் தின்னும் ஊரில் இரும்பு எப்படிக் குறையும் என்று கேட்பீர்கள். வெள்ளைச் சதை மீனில் இரும்பு கொஞ்சம்தான். சூரை மீனின் கருஞ்சதையிலும் மட்டியிலும் ஆட்டு ஈரலிலும் நிறைய உண்டு. சூரையின் கருஞ்சதையை நாம் பெரும்பாலும் பூனைக்குப் போட்டுவிடுகிறோம். முருங்கைக்கீரையில் உள்ள இரும்பு அவ்வளவு எளிதில் சேராது, ஆனால் மீனோடு சேர்த்துச் சாப்பிட்டால் கூடுதலாகச் சேரும். கீரையும் மீன்குழம்பும் ஒரே தட்டில் இருப்பது நல்ல பழக்கம், விடாதீர்கள். இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் சட்டியின் இரும்பும் கொஞ்சம் இறங்கும். கருப்பட்டி நம் பனங்காட்டுச் சொத்து, எனக்கும் பிடிக்கும். ஆனால் தினம் ஒரு துண்டு கருப்பட்டி தின்று 19-ஐ 75 ஆக்க முடியாது. இவ்வளவு கீழே இறங்கிய சேமிப்பைச் சாப்பாடு மட்டும் தூக்கி நிறுத்திவிடாது.

மற்றச் சத்துகளில் பி12 குறைந்தால் காலில் மதமதப்பு வரும். பல வருடமாக மெட்ஃபார்மின் போடும் நீரிழிவுக்காரர்கள் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வைட்டமின் டி, ஃபோலிக் அமிலம் ஆகியவற்றின் குறைவோடும் இந்த நோய்க்குத் தொடர்பு பேசப்படுகிறது, இரும்பு அளவுக்கு உறுதியான சான்று இல்லை. மக்னீசியம் மாத்திரையைப் பற்றி வீடியோக்களில் அடித்துச் சொல்கிறார்கள். சான்று மெலிவானது, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்தும்கூட.

வேறு மருந்துகளாலும் குடைச்சல் கூடலாம். தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரை, வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, படகுப் பயணத்தில் தலைசுற்றாமல் இருக்கப் போடும் புரோமெத்தசின், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள். தூக்கம் வரட்டும் என்று சளி மாத்திரை போட்டுக் குடைச்சலைக் கூட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். மனச்சோர்வு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதித் தந்தவரிடமே சொல்லுங்கள். சாராயமும் இரவில் குடிக்கும் டீயும் புகையும் இதைத் தூண்டும்.

(காட்சி: தலைவிளக்கு வெளிச்சத்தில் வலை பொத்தும் கைகள்.)

இவர் என் சித்தப்பா. இவருக்கும் லேசாகக் குடைச்சல் உண்டு. இரவு ஒன்பது மணிக்குக் கிழிந்த வலையை மடியில் போட்டு, ஊசியில் நூல் கோத்து, கண்ணி கண்ணியாகப் பொத்த உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரம் கால் அசையாது. அதே ஆள் டிவி முன்னால் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறார். கண்ணும் கையும் மனமும் ஒன்றில் குவிந்திருந்தால் குடைச்சல் அடங்கும். மருத்துவர்களும் இதைச் சொல்கிறார்கள். தூரப் பயணத்தில் பூக்கட்டுவது, குறுக்கெழுத்துப் போடுவது, எதுவாக இருந்தாலும் சரி. படுக்கும் முன் வெந்நீர் ஊற்றிக் காலைத் தேய்த்துவிடுவதும் மாலையில் மிதமாக நடப்பதும் பலருக்கு உதவும். துணி கட்டுவதில் தவறில்லை, அந்த அழுத்தம் இதமாகத்தான் இருக்கும். பாதம் மரத்துப்போகும் அளவுக்கு மட்டும் இறுக்காதீர்கள்.

கர்ப்பிணிகளுக்குக் கடைசி மூன்று மாதங்களில் இது அதிகம் வரும், பிள்ளை பிறந்த பிறகு பெரும்பாலும் போய்விடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 180 நாளுக்குத் தரும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையைப் பரணில் போட்டு வைக்காதீர்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் இது அடிக்கடி வருகிறது. வீட்டில் பெரியவர்களுக்கு இருந்து, பிள்ளையும் இரவில் காலை உதைத்துக்கொண்டால் ‘வளர்கிற வலி’ என்று விட்டுவிடாதீர்கள், இந்த நோய் குடும்பத்தில் வழிவழியாகவும் வரும்.

இரும்பு சரியான பிறகும் அடங்காதவர்களுக்குக் காபாபென்டின், பிரிகாபலின் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. டோபமினைத் தூண்டும் பிரமிபெக்சோல் போன்றவை முதலில் அற்புதமாக வேலை செய்யும். ஆனால் நாள்பட எடுத்தால் சிலருக்குக் குடைச்சல் மதியமே தொடங்கிக் கைக்கும் ஏறிவிடும். அப்படி ஆனால் அளவைக் கூட்டாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

சின்னம்மா மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு போடத் தொடங்கி மூன்றாம் மாதம் ஃபெரிடின் 46. எட்டாம் மாதம் 81. இப்போதும் வாரத்தில் ஓர் இரவு எழுந்து கம்பம் வரைக்கும் போய் வருகிறார். மற்ற இரவுகளில் பழைய சேலைத் துணி கொடியில்தான் தொங்குகிறது. அடுத்த பரிசோதனை தை மாதம்.