பொகையிலையும் சிரிப்பும்

(குடியாத்தம் பக்கம் எங்க ஊரு வாசகர் வட்ட விழால பேசுனது. ஞாபகத்துல இருந்த வரைக்கும் டைப் பண்ணிருக்கேன்.)

மேடைல இருக்கிற வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, வாய்ப்பாடு தப்பா சொன்னதுக்கு என்னை முட்டி போட வெச்ச டீச்சரம்மா அவர்களே, பந்தல் போட்ட தம்பி, மைக் செட்டு அண்ணே, ஊராட்சித் தலைவரம்மா அவர்களே... தலைவரம்மா எங்க? ஓ, கீழ மூணாவது வரிசைல. மேல அவங்க சேர்ல வீட்டுக்காரர் உக்காந்துகினு இருக்காரு. சரிண்ணே, உங்களுக்கும் வணக்கம், அந்த சால்வைய மட்டும் கீழ குடுத்தனுப்பிடுங்க.

மூணு விஷயம் பேசப்போறேன். வேலை, சொத்து, சமையக்கட்டு.

எங்க ஆயா எப்பவும் சொல்லும், "பொம்பள சிரிச்சா போச்சு, பொகையில விரிச்சா போச்சு"ன்னு. எங்கம்மா பீடி சுத்தி தான் எங்க மூணு பேரையும் படிக்க வெச்சுது. மடியில மொறம், நனைச்ச இலைய தகரம் வெச்சு வெட்டி, தூள் வெச்சு உருட்டி, முனைய மடக்கி நூல் கட்டி, ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி. பொகையில நாள் பூரா விரிச்சே தான் கெடந்துச்சு, ஒண்ணும் போகல. சிரிப்பு தான் போச்சு.

இப்ப ஜெர்மனி கதைக்கு வரேன். நான் ஸ்டுட்கார்ட் பக்கம் பன்னெண்டு வருஷமா இருக்கேன். ஒரு ஜனவரி மாசம், மைனஸ் எட்டு டிகிரி, ஹீட்டர் நின்னுபோச்சு, அப்ப அம்மா வந்திருந்துச்சு, ரெண்டு ஸ்வெட்டர் போட்டு மேல கம்பளிய சுத்திக்கினு என்னைய திட்டிக்கினு கெடக்குது. போன் போட்டா காலைல வேன் வந்து நிக்குது, எறங்குனது ஒரு பொண்ணு, முப்பது வயசு இருக்கும், கையில டூல்ஸ் பெட்டி, நான் பெட்டி தூக்கற அசிஸ்டென்ட் போலன்னு நெனச்சு வேனுக்குள்ள எட்டிப் பாக்கறேன். மெக்கானிக் எங்கன்னு கேட்டும் தொலைச்சேன். அது சிரிச்சுது பாருங்க, மாடிப்படி பூரா கேட்டிருக்கும். "நான் தான் மைஸ்டர்"ன்னுச்சு. மைஸ்டர்னா லேசுப்பட்ட பட்டம் இல்ல, தொழில் கத்துக்கினு பரீட்ச எழுதி வாங்கணும். பொம்பள சிரிச்சா போச்சாம், அது சிரிச்ச அரை மணில ஹீட்டர் வந்துருச்சு!

அம்மா பக்கத்துலயே குந்திக்கினு ஸ்பேனர் எடுத்துக் குடுக்குது, பாஷ ஒண்ணும் தெரியாது, கை நீட்டுனா எது வேணும்னு மட்டும் தெரியுது. கெளம்பும்போது அம்மா அந்த பொண்ணோட கைய புடிச்சு திருப்பிப் பாத்துச்சு, காச்சுப் போயிருந்துச்சு. தன் கைய காட்டுச்சு, பீடிக் கத்திரி புடிச்சு காச்சுப்போன விரலு. ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. நான் டீ போட்டேன், சக்கர பத்தலன்னு அதுக்கும் திட்டு.

வெள்ளக்காரன் ஊரு சொர்க்கம்னு சொல்ல வரல. மேற்கு ஜெர்மனில 1977 வரைக்கும், கல்யாணமான பொம்பள வேலைக்கு போறதா இருந்தா வீட்டுக் கடமைக்கு கொறை வரக்கூடாதுன்னு சட்டமே இருந்துச்சு. சுவிஸ்ல நாட்டுத் தேர்தல்ல பொம்பளைக்கு ஓட்டு 1971ல தான். புள்ளைய விட்டுட்டு வேலைக்கு போறவள ஜெர்மன்காரன் 'அண்டங்காக்கா அம்மா'ன்னு திட்டுவான். நமக்கு காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, அவனுக்கு காக்கா கெட்ட தாய்! நம்ம வேலூர்ல 1918லயே ஐடா ஸ்கடர் அம்மா பொண்ணுங்களுக்குன்னே மருத்துவப் பள்ளி ஆரம்பிச்சாச்சு, ஆம்பளைங்கள சேத்தது 1947ல தான். நம்ம வண்டி மொதல்ல கெளம்பி வழில எங்கயோ நின்னுபோச்சு.

எங்கன்னா, நம்ம பஸ் ஸ்டாப்ல. ஆமா, சுத்தி சுத்தி அங்க தான் வருவேன்னு உங்களுக்கே தெரியும். ஷூ கம்பெனி வேனுக்கு காலைல அஞ்சரைக்கெல்லாம் நம்ம பொண்ணுங்க நிக்குதுங்க, ஒரு பாத்ரூம் இல்ல. இருக்கிற ஒண்ணுக்கும் பூட்டு, சாவி யார்கிட்டன்னா நாலு பேரு நாலு பக்கம் கை காட்றாங்க. எழுந்ததுல இருந்து தண்ணியே குடிக்கறதில்லண்ணான்னு ஒரு பொண்ணு சொல்லுது. வயசுப் பொண்ணுங்க ரோட்ல நின்னு சிரிக்குதுங்கன்னு ஒரு பெரியவரு என்கிட்ட பிராது சொன்னாரு. ஐயா, மொதல்ல பூட்ட தொறங்க, சிரிப்ப அப்புறம் பாத்துக்கலாம்.

சொத்தா? பொண்ணுக்கும் சமபங்குன்னு தமிழ்நாட்ல 1989லயே சட்டம் வந்துருச்சு, மீதிய உங்க அண்ணன் தம்பிங்கள கேளுங்க. சமையக்கட்டு... தலைவரு வாட்ச பாக்கறாரு, விட்டுடறேன்.

அந்த பாத்ரூமுக்காக மூணு மனு குடுத்தாச்சு, நாலாவது அந்த தண்ணி கேன் பக்கத்துல டேபிள்ல இருக்குது. மொதல் கையெழுத்து எங்கம்மாது. ரெண்டாவது தலைவரம்மா போடணும். அண்ணே, நீங்க உக்காருங்க, அவங்களே வந்து போடுவாங்க. பேனா டீச்சரம்மாவுது, மறக்காம திருப்பிக் குடுத்துடுங்க.