விடைக்குப் பிறகு ஒரு கேள்வி

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்? வினாடி வினாவில் இதைக் கேட்டால், கேள்வி முடிவதற்குள் பிள்ளைகள் மணியை அழுத்திவிடுவார்கள். மூன்று. சரியான விடை, பத்து மதிப்பெண், அடுத்த கேள்வி. பல வருடங்களாகக் கேள்விகள் தயாரித்து வருகிறேன். அந்த ‘அடுத்த கேள்வி’ என்ற இடத்தில்தான் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். ஏன் மூன்று என்று யாருமே கேட்பதில்லையே!

கேட்டுப் பாருங்கள். நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு. ஆக்டோபஸுக்கு அந்த வேலையைச் செய்வது செம்பு. அதனால்தான் அதன் ரத்தம் நீலம். அந்த ரத்தம் கொஞ்சம் கெட்டியானது. செவுள்களின் மெல்லிய குழாய்களுக்குள் அதைத் தள்ளுவதற்கே, செவுளுக்கு ஒன்றாக இரண்டு இதயங்கள். அங்கிருந்து வருவதை உடம்பு முழுக்க அனுப்ப மூன்றாவது. நீந்தும்போது அந்த மூன்றாவது இதயம் நின்றுவிடும்! அதனால் சீக்கிரம் களைத்துப்போகும். கடலில் வாழ்கிற பிராணி, நீந்துவதைவிடத் தரையில் ஊர்ந்து போவதையே விரும்புகிறது என்றால், காரணம் புரிகிறதல்லவா?

ஒரு போட்டியில் நடந்ததைச் சொல்கிறேன். ‘கிரேக்கப் புராணத்தில் பூமியைத் தோளில் சுமந்தவர் யார்?’ என்று கேட்டேன். நான் எழுதிய கேள்விதான். ஒரு சிறுமி எழுந்து, “அட்லஸ்” என்றாள். மதிப்பெண் கொடுத்தாயிற்று. அவள் உட்காரவில்லை. “சார், பூமியவே தூக்கினா அவரு எங்க சார் நின்னாரு?” என்றாள். கூட்டம் சிரித்தது. நான், “நேரமில்லம்மா, உட்காரு” என்று சொல்லிவிட்டு அடுத்த அட்டையை எடுத்துவிட்டேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. புத்தகங்களைப் புரட்டினேன். அட்லஸ் சுமந்தது பூமியை இல்லை, வானத்தை! அட்லஸின் இனத்தாரான டைட்டன்கள் தேவர்களோடு போரிட்டுத் தோற்றார்கள். அதற்காக, மேற்குக் கோடியில் நின்று வானத்தைத் தாங்கிக்கொண்டிரு என்பது தேவர்களின் தலைவன் சீயஸ் அட்லஸுக்குக் கொடுத்த தண்டனை. தங்க ஆப்பிள்களைக் கொண்டுவர அட்லஸ் போனபோது, ஹெராக்ளிஸ் என்ற வீரன் தோள்கொடுத்துத் தாங்கியதும் அதே வானத்தைத்தான். இருவருக்கும் நிற்கக் காலடியில் பூமி இருந்தது. இத்தாலியில் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் பழைய ரோமானியச் சிலை ஒன்று இருக்கிறது. முழங்கால் மடங்கிய அட்லஸ், தோளில் ஓர் உருண்டை. தூரத்தில் பார்த்தால் பூமி மாதிரி இருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் அதில் கண்டங்கள் இல்லை. ரிஷபம், மேஷம் என்று விண்மீன் கூட்டங்களைச் செதுக்கியிருக்கிறார்கள்.

வரைபடப் புத்தகத்துக்கு அட்லஸ் என்ற பெயர், வரைபட வல்லுநர் மெர்காட்டர் இறந்த மறு வருடம், 1595-இல் வெளிவந்த அவருடைய நூலிலிருந்து வந்தது. அவர் மனதில் இருந்ததோ வானியல் கற்ற, வட ஆப்பிரிக்காவின் மௌரித்தானிய மன்னன் அட்லஸ். சுமை தூக்கியவன் இல்லை. அட்லான்டிக் பெருங்கடலின் பெயருக்குள்ளேயும் அட்லஸ் இருக்கிறான். கேள்வி கேட்ட அந்தச் சிறுமியை அப்புறம் நான் பார்க்கவே இல்லை. எங்கிருந்தாவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் சொல்கிறேன்: நீ கேட்டதுதான் சரி, அம்மா. என் கேள்விதான் தப்பு.

கடலுக்கே திரும்புவோம். சீலகாந்த் மீன். டைனோசர்களோடு சேர்ந்து, 6 கோடி வருடங்களுக்கும் முன்பே அழிந்துவிட்டது என்று விஞ்ஞானிகள் நம்பிய மீன். 1938 டிசம்பரில், தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில், மார்ஜோரி கோர்ட்னி-லாட்டிமர் என்ற அருங்காட்சியகப் பெண், மீன் குவியலுக்கு அடியில் ஒரு நீலத் துடுப்பு நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். ஐந்தடி நீள மீன். துடுப்புகளோ கைகால் மாதிரி. நாற்றமடிக்கும் அதை ஏற்ற மாட்டேன் என்ற டாக்சி ஓட்டுநரைச் சம்மதிக்க வைத்து எடுத்துப் போனார். கெடாமல் வைக்க இடம் கிடைக்கவில்லை. படம் வரைந்து மீனியல் அறிஞர் ஸ்மித்துக்கு அனுப்பினார். ஸ்மித் நேரில் வந்து சேர்ந்தது பிப்ரவரியில். அதற்குள் உள்ளுறுப்புகள் எல்லாம் போய், பாடம் செய்த உடல்தான் மிச்சம். அடுத்த மீனுக்காக 100 பவுண்டு பரிசு அறிவித்துவிட்டுக் காத்திருந்தார். அது கிடைக்க 14 வருடம் ஆயிற்று. 1952-இல் கோமோரோஸ் தீவுகளில் கிடைத்தது.

‘1938-இல் கண்டுபிடிக்கப்பட்ட மீன் எது?’ என்று கேட்டு, சீலகாந்த் என்று விடை வாங்கி முடித்துவிடலாம். ஆனால், யாருக்கு அது புதுசு என்று கேட்டால்? கோமோரோஸ் மீனவர்களுக்கு அது ஏற்கெனவே பழக்கப்பட்ட மீன். ‘கொம்பெஸா’ என்று பேரே வைத்திருந்தார்கள். ருசியில்லாத மீன் என்பதுவரை தெரியும்! நாம் கேள்வித்தாளில் எழுதுகிற ‘கண்டுபிடிப்பு’, அவர்களுக்கு வலையிலோ தூண்டிலிலோ மாட்டுகிற ஒன்று.

ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். தொலைக்காட்சியைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். 1926 ஜனவரி 26 அன்று லண்டனில் ஜான் லோகி பேர்ட் என்ற கண்டுபிடிப்பாளர் அதை முதன்முதலாகச் செய்துகாட்டியது, அப்புறம் அமெரிக்காவில் 1950-களில் வினாடி வினா நிகழ்ச்சிகளில் விடைகளை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்த மோசடி, அதில் பங்கேற்ற சார்லஸ் வான் டோரன் 1959-இல் நாடாளுமன்றக் குழு முன் ஒப்புக்கொண்டது, 1960-இல் அதைத் தடுக்கச் சட்டமே வந்தது... கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். நெற்றியைச் சுருக்கி யோசிக்கிறாரே, நிஜமாகவே யோசிக்கிறாரா என்ற சந்தேகம் ரொம்பப் பேருக்கு வரவில்லை.

கிளியோபாட்ராவுக்கு ஒரே வரிதான் மிச்சம்: அவர் வாழ்ந்த காலம், கிசா பெரிய பிரமிடு கட்டப்பட்ட காலத்தைவிட, நிலவில் மனிதன் இறங்கிய 1969-க்குத்தான் அருகில். எப்படி என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். வணக்கம்.