பூச்சி மாத்திரை போட்டால் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம். வடசென்னையில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்ப்பவள் நான். போன மழைக்காலத்தில் ஒரு தாய், நாலு வயது மகனோடு வந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் ஒரு சாண் நீளத்துக்கு உருண்டைப்புழு. நாக்குப்பூச்சி என்கிறோமே, அதுதான்.

"டாக்டரம்மா, மிட்டாயே கண்ணுல காட்டுறதில்லையே, இது எப்படி வந்துச்சு?" என்றார், குற்றம் செய்தவர்போல. எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. மிட்டாய்க்கும் இந்தப் பூச்சிக்கும் சம்பந்தமே இல்லை. மலத்தோடு வெளியேறும் முட்டை ஈரமண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து பக்குவப்படும். அப்புறம் நக இடுக்கிலோ கழுவாத கொத்தமல்லியிலோ ஒட்டிக்கொண்டு வாய்க்குள் போகும். ஒரு பெண்புழு ஒரு நாளைக்குச் சுமார் 2 லட்சம் முட்டை இடும்.

வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் வெறுங்கால் வழியே நுழையும் கொக்கிப்புழுதான் அதிகம். சரி, தார் ரோடு போட்ட நகரத்தில் மண் ஏது? அந்தத் தாய் குடியிருக்கும் தெருவுக்கே போய்ப் பார்த்தேன். சாக்கடையைத் தூர் வாரி, சேற்றை அள்ளாமல் வீட்டு வாசல்களிலேயே குவித்திருந்தார்கள். அது காய்ந்து மேடாகி, பிள்ளைகள் அதன்மேல் கோலி விளையாடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே ஒரு பாட்டி கைக்குழந்தைக்குக் கால் கழுவி, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினார். பச்சைப்பிள்ளை மலம்தானே என்று நாம் நினைக்கிறோம். தவழ்கிற பிள்ளைக்கும் புழு இருக்கலாம். அதைக் கழிவறையில்தான் கொட்ட வேண்டும். பிளீச்சிங் பவுடர் தூவினாலும் இந்த முட்டை சாகாது, அதன் ஓடு அவ்வளவு கெட்டி. சேற்றை அள்ளிக்கொண்டு போவதுதான் வழி. அதைத் தெருவே சேர்ந்து கேட்க வேண்டும். ஒரு தாயால் மட்டும் ஆகாது.

மாத்திரை வேண்டாம் என்று சொல்லவில்லை. 2015 முதல் பிப்ரவரி 10-ஐத் தேசியக் குடற்புழு நீக்க நாளாக வைத்து, 1 முதல் 19 வயது வரை இலவசமாக அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரையைத் தருகிறார்கள். இரண்டு வயதுக்குள் பாதி, மற்றவர்களுக்கு 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. நன்றாக மென்று விழுங்க வேண்டும், சின்னப் பிள்ளைக்குப் பொடித்துக் கொடுங்கள். இருக்கிற புழுவை அது கொல்லும். நாளைக்கு வரப்போவதைத் தடுக்காது. அன்று காய்ச்சலென்று பிள்ளை வீட்டில் இருந்துவிட்டால் அங்கன்வாடியிலோ பள்ளியிலோ கேளுங்கள். விடுபட்டவர்களுக்கென்று இன்னொரு நாள் வைத்திருப்பார்கள்.

நன்றி, வணக்கம்.