சிரிப்பு யார்மேல் விழுகிறது?

அன்பான வாலிபர்களே, பெற்றோர்களே, போன வாரம் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, காமெடிப் படத்தையும் வேதத்தை வைத்து அளக்கணுமா?" நியாயமான கேள்வி. 1984-இல் வந்த 'போலீஸ் அகாடமி' என்ற அமெரிக்கப் படத்தையே எடுத்துக்கொள்வோம்.

உயரம், எடை எதுவும் பார்க்காமல் யார் வேண்டுமானாலும் காவலர் பயிற்சியில் சேரலாம் என்று புதிய மேயர் உத்தரவு போடுகிறார். ஊர் கேலி செய்தவர்களெல்லாம் வந்து சேர்கிறார்கள். இந்தத் தொடக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். மீன்பிடிக்கிறவர்களையும் வரி வசூலிக்கும் ஆயக்காரனையும் சீஷர்களாகக் கூப்பிட்ட இயேசுவைத்தானே நாம் பின்பற்றுகிறோம்!

அதில் ஹூக்ஸ் என்று ஒரு கறுப்பினப் பெண். வாய் திறந்தால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. அவள் ஓட்டிய கார் தவறுதலாக சக பயிற்சியாளன் ஒருவனின் காலில் ஏறிவிடுகிறது. அவன் அவள் நிறத்தைச் சொல்லித் திட்டுகிறான். பூக்கடைக்காரராக இருந்து பயிற்சிக்கு வந்த ஹைடவர், திட்டியவன் உள்ளே இருக்கும்போதே காரைக் கவிழ்த்துவிடுகிறார். அதற்காக அகாடமியை விட்டே அனுப்பப்படுகிறார். அந்தக் கோபம் சரியா என்று தனியாகப் பேசலாம். ஆனால் ஒரு பெண்ணின் மானம் என்றால் என்ன என்று இந்தப் படத்துக்குத் தெரிந்திருக்கிறது.

தெரிந்தும் என்ன செய்கிறது? காசு கொடுத்து அழைத்துவந்த ஒரு பெண்ணைப் பேச்சுமேசைக்கு அடியில் ஒளித்துவைக்கிறது. மேலே அதிகாரி உரையாற்ற, கீழே நடப்பதுதான் நகைச்சுவை. ஹூக்ஸுக்கு உள்ள மானம் இவளுக்குக் கிடையாதா? அப்புறம், தன்பாலின ஆண்கள் கூடும் ஒரு மதுக்கடை. அங்கே இருப்பவர்கள் இரண்டு பேரைப் பயமுறுத்துவதற்கான பொம்மைகள், அவ்வளவுதான். அவர்களும் தேவசாயலில் படைக்கப்பட்டவர்கள் இல்லையா?

எபேசியர் 5:4-இல் பரியாசம் தகாது என்கிறார் பவுல். இதைக் காட்டி, சிரிப்பே கூடாது என்கிறார்கள் சிலர். எனக்கு அது சம்மதமில்லை. சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களின் வாய் நகைப்பினால் நிறைந்தது என்று 126-ஆம் சங்கீதம் பாடுகிறதே! பவுல் தள்ளச் சொல்வது, இன்னொருவரைச் சிறுமைப்படுத்தி வாங்கும் சிரிப்பை.

பெற்றோர்களே, இந்த முதல் படத்துக்கு அமெரிக்காவில் 'ஆர்' சான்றிதழ்; அதாவது, பதினேழு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம். மூன்றாம் பாகத்திலிருந்து 'பிஜி'; அதாவது, பெற்றோர் வழிகாட்டுதலோடு பிள்ளைகளும் பார்க்கலாம். 1988-இல் பிள்ளைகளுக்கென்று கார்ட்டூனே வந்துவிட்டது. கார்ட்டூன் பார்த்த பிள்ளை முதல் படத்தைத் தேடிப் போகத்தானே செய்யும்?

என் வீட்டில் இந்தப் படத்தைப் போடமாட்டேன். ஆனால் பிள்ளை வேறெங்கோ பார்த்துவிட்டு வந்தால் திட்டவும் மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, "மேசைக்கடியில் இருந்தாளே, அந்த அக்கா பேர் ஞாபகம் இருக்கா?" என்று கேட்பேன்.